பாலசுப்ரமணியனுக்குக் கிடைக்காத புயல்

பக்கத்துக் கட்டிலுக்கு ஆரஞ்சுப் பழம் வந்தால், மூன்று நாளாகச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர் எழுந்து உட்காருவார். முப்பத்திரண்டு வருடம் வார்டில் வேலை பார்த்ததில் நான் திரும்பத் திரும்பக் கண்டது இது. மருந்து செய்யாததைப் பொறாமை செய்யும். எங்கள் பயிற்சியில் இதைச் சொல்லித் தரவில்லை. சொல்லித் தந்திருந்தால் நிறையப் பேரைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பியிருப்போம்.

2005 ஆகஸ்டில் ஹைதராபாத் தார்நாகாவில் ஒரு வீட்டுக்கு என்னை வரச் சொன்னார்கள். அப்போது ஆஸ்பத்திரியிலிருந்து ஓய்வு பெற்றிருந்தேன். காலை எட்டிலிருந்து ஐந்து வரை வீடுகளுக்குப் போய் நோயாளிகளைக் கவனித்துக்கொள்வேன். லாலாகூடா ரயில்வே குடியிருப்பை ஒட்டிய எங்கள் வீட்டிலிருந்து தார்நாகா ஆட்டோவில் பத்து நிமிடம். என் கணவர் சூசைராஜும் பணிமனையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். பகல் முழுவதும் அவரோடு வீட்டில் இருப்பதைவிட வேலைக்குப் போவது இரண்டு பேருக்கும் நல்லது.

நோயாளியின் பெயர் பாலசுப்ரமணியன். வயது அறுபத்து நான்கு. ஹைதராபாத் வானிலை அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஜூலையில் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. புத்தி தெளிவாக இருந்தது, காது நன்றாகக் கேட்டது. நாக்குதான் அவர் சொன்னபடி கேட்கவில்லை. முதல் ஆறு மாதத்துக்குள் பயிற்சி செய்தால் பேச்சு வரும், விட்டால் விட்டதுதான் என்று டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். அதாவது ஜனவரி வரைதான் கெடு.

பயிற்சி ஒன்றும் பிரமாதமில்லை. கன்னத்தை உப்ப வேண்டும். நாக்கால் உதட்டின் இரண்டு ஓரத்தையும் தொட வேண்டும். மெழுகுவத்தியை ஊதி அணைக்க வேண்டும். பிறகு சின்னச் சொற்களைச் சொல்லிப் பார்க்க வேண்டும். அவர் ஒன்றையும் செய்ய மாட்டார். மெழுகுவத்தியை ஏற்றி வைத்தால் கோயில் விளக்கைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருப்பார். கைக்குப் பிசையக் கொடுத்த ரப்பர் பந்து தினமும் சோபாவுக்கு அடியில் கிடக்கும்.

"அவரைக் கஷ்டப்படுத்தாதேங்கோ சிஸ்டர். பகவான் இஷ்டம் இருந்தா தானா வரும்" என்பார் அவர் மனைவி ஜலஜா.

"பகவான் வந்து ஊத மாட்டார் மாமி. இவர்தான் ஊதணும்" என்றேன்.

ஜலஜா நல்ல மனுஷி. ஆனால் கணவர் வாயைத் திறப்பதற்குள் இவரே வாக்கியத்தை முடித்துவிடுவார். தண்ணீர் வேண்டுமா, ஃபேன் வேண்டுமா, பேப்பர் வேண்டுமா என்று கேட்டால் அவருக்குத் தலையாட்டினால் போதும். இப்படிப்பட்ட அன்பால் பேச்சு இழந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மகன் கிருஷ்ணபிரசாத் மாதாப்பூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்தான். நல்ல சம்பளம். பகல் ஒரு மணிக்கு கம்பெனி வண்டியில் போனால், அப்பா தூங்கிய பிறகு வருவான். குறை சொல்ல முடியாத பிள்ளை. ஆனால் அந்தத் தெருவில் யாராவது பாலசுப்ரமணியனிடம், "பையன் எங்கே இருக்கான்?" என்று கேட்டு, "இங்கேதான், மாதாப்பூர்" என்று பதில் வந்தால், "ஓ, இங்கேயேவா" என்று இழுப்பார்கள். அந்த 'இங்கேயேவா' அவருக்கு ஒவ்வொரு தடவையும் சுருக்கென்று தைக்கும் என்று ஜலஜா சொன்னார். ஏனென்றால் இரண்டு தெரு தள்ளியிருந்த அருணாசலத்தின் மகன் ஹூஸ்டனில் இருந்தான்.

அருணாசலம் திருநெல்வேலிக்காரர். பாலசுப்ரமணியனோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர். ஓய்வு பெற்ற பிறகு வருடத்தில் ஆறு மாதம் ஹூஸ்டன், ஆறு மாதம் தார்நாகா. வரும்போதெல்லாம் இந்த வீட்டுக்கு வைட்டமின் மாத்திரை பாட்டில் ஒன்று கொண்டுவருவார். அலமாரியில் அந்த மாதிரி ஏழு பாட்டில் இருந்தது. ஒன்றுகூடத் திறக்கப்படவில்லை. ஒன்றையும் தூக்கியும் போடவில்லை. வாரத்துக்கு ஒருமுறை பாலசுப்ரமணியன் அவற்றை எண்ணிப் பார்ப்பாராம்.

செப்டம்பர் மாதம் ஒரு வியாழக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு ஹூஸ்டனிலிருந்து போன் வந்தது. ஜலஜா ஸ்பீக்கரைப் போட்டார்.

"என்னவே பாலு, எப்படி இருக்கீரு? இங்க ஹரிகேன் வருதுவே. ரீட்டான்னு பேரு. ஊரையே காலி பண்ணச் சொல்லிட்டானுவ. வண்டியில சாமான் ஏத்திக்கிட்டு இருக்கோம். டிவில இருபத்து நாலு மணி நேரமும் அதான்."

"ஐயோ, ஹரிகேனா? ஜாக்கிரதையா இருங்கோ" என்று ஜலஜா பதறினார்.

அப்போதுதான் நான் பாலசுப்ரமணியனின் முகத்தைப் பார்த்தேன். நண்பருக்கு ஆபத்து என்று கேட்டவர் முகமாக அது இல்லை. பக்கத்துக் கட்டிலுக்கு ஆரஞ்சு வந்த முகம். கழுத்து நரம்பு புடைத்தது. வாய் கோணிக்கொண்டு திறந்தது.

"சை... சைக்... ளோன்" என்றார்.

இரண்டு மாதத்தில் அவர் சொன்ன முதல் முழுச் சொல். ஜலஜா அழ ஆரம்பித்தார். எதிர்முனையில், "யாரு அது, பாலுவா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார் அருணாசலம். நான் நோட்டை எடுத்து நேரத்தைக் குறித்துக்கொண்டேன். இந்த நோயாளிக்கு எந்த மருந்து வேலை செய்யும் என்று தெரிந்துவிட்டது.

அக்டோபர் கடைசியில் ஒரு சுற்றறிக்கை வந்தது. தார்நாகாவில் ஓய்வு பெற்ற தமிழர்கள் மாதத்தின் முதல் ஞாயிறன்று ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் கூடுவார்கள். காபி, சுண்டல், ஒரு பேச்சு. செயலாளர் வெங்கடராமன் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தானே டைப் செய்து வீடு வீடாகக் கொடுப்பார். 'டிசம்பர் 4: ஹரிகேன், நேரில் கண்ட அனுபவம். திரு. அருணாசலம்' என்று போட்டிருந்தது.

பாலசுப்ரமணியன் அந்தத் தாளை இடது கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு 'ஹரிகேன்' என்ற சொல்லின்மேல் விரலால் ஒரு கோடு இழுத்தார். தன் நெஞ்சைத் தொட்டார். தன் வாயைத் தொட்டார்.

"நீங்க அங்கே பேசணுமா சார்?"

தலையாட்டினார்.

"தலையாட்டினா எனக்குப் புரியாது. சொல்லுங்க."

முறைத்தார். "ஆ...மா."

"அப்ப ஒரு ஒப்பந்தம். தினமும் மூணு வேளை பயிற்சி. மாமி உங்க வாக்கியத்தை முடிக்கக் கூடாது. ஒரு நாள் விட்டாலும் நான் கூட்டத்துக்குக் கூட்டிட்டுப் போக மாட்டேன். அருணாசலம் சார் நிம்மதியா பேசிட்டுப் போகட்டும்."

கடைசி வாக்கியத்தை வேண்டுமென்றேதான் சேர்த்தேன். அவர் மெழுகுவத்தியைப் பார்த்து ஊதினார். இரண்டாவது ஊதலில் அணைந்தது.

என்ன பேச வேண்டும் என்பதை அவர் மூன்று வாக்கியமாகத் தயாரித்தார். நான்கு நாள் ஆனது. அவர் குழறுவதைக் கேட்டு ஜலஜா எழுதினார்: 'ஹரிகேன் என்பது புதிதாக ஒன்றும் இல்லை. அட்லாண்டிக் கடலில் வந்தால் ஹரிகேன், சீனக் கடல் பக்கம் வந்தால் டைஃபூன், வங்காள விரிகுடாவில் வந்தால் சைக்ளோன், மூன்றும் ஒன்றே. இதைப் பார்க்க யாரும் அமெரிக்கா போக வேண்டியதில்லை.'

முதல் இரண்டும் கூட்டத்துக்கு. மூன்றாவதுதான் அவருக்கு.

டைஃபூன்தான் முதலில் வந்தது. மெழுகுவத்தியை ஊதுகிற வாயே அதற்குப் போதும். சைக்ளோன் ஏற்கெனவே கையில் இருந்தது. ஹரிகேனில் நடு எழுத்து நழுவிக்கொண்டே போனது. அட்லாண்டிக் இரண்டு வாரத்தைத் தின்றது. தப்பாகச் சொன்னால் அப்படியே தாண்டிப் போக மாட்டார். காற்றில் இடது விரலால் ஒரு கோடு கிழிப்பார், பிறகு மறுபடி சொல்வார். இது என்ன பழக்கம் என்று ஜலஜாவிடம் கேட்டேன்.

"ஆபீஸ் பழக்கம் சிஸ்டர். அவா பதிவேட்டுல அளவெல்லாம் பென்சில்லதான் எழுதுவா. ஆனா தப்பா எழுதிட்டா ரப்பரால அழிக்கப்படாது. ஒரே ஒரு கோடு போட்டு அடிச்சு, கீழே சரியானதை எழுதி, பக்கத்துல முதலெழுத்துப் போடணும். தப்பு பண்ணினது தெரியணுமாம்."

நல்ல பழக்கம். எங்கள் மருந்துச் சீட்டிலும் அப்படித்தான்.

நவம்பர் நடுவில் பேச்சு நூற்றுக்கு நாற்பது பங்கு தேறியது. கைத்தடி பிடித்து நடந்தார். ஆனால் இத்தனை வேகம் வெறும் அமெரிக்காவுக்காக மட்டும் வருமா என்று எனக்குச் சந்தேகம். பீன்ஸ் நறுக்கும்போது ஜலஜாவிடம் கேட்டுவிட்டேன். அவர் குரலைத் தணித்துக்கொண்டார்.

"எழுபத்தேழுல நவம்பர் மாசம் ஆந்திரா கரையோரம் பெரிய புயல் வந்து ஆயிரக்கணக்குல ஜனங்க செத்துப்போனாளே, ஞாபகம் இருக்கா? அப்போ கடலோரத்துல ஒரு சின்ன நிலையத்துக்கு மூணு மாசம் ஒருத்தர் போகணும். முறை இவரோடது. நான் உண்டாயிருந்தேன். கல்யாணம் ஆகி எட்டு வருஷம் கழிச்சு. அதைச் சொல்லி இவர் அருணாசலத்தோட முறையை மாத்திண்டார்."

"அதுல என்ன தப்பு?"

"பிரசவம் ஜனவரில. நவம்பர்லயே வந்துடும்னு இவர் சொல்லிட்டார். அந்த ஊர் சாப்பாடு இவருக்கு ஒத்துக்காது, அதான் நிஜம். அருணாசலம் போனார். புயல் வந்தது. அவர் காற்றுமானி உடையற வரைக்கும் உக்காந்து அளவு அனுப்பினார். பேப்பர்ல போட்டோ வந்தது. மெடல் மாதிரி ஒண்ணு குடுத்தா. சீக்கிரம் பிரமோஷன். இவர் இங்கே ஹைதராபாத்ல உக்காந்து அவர் அனுப்பினதை எழுதி எடுத்துண்டார். அவ்வளவுதான்."

ஆக, ஒருவருக்கு இரண்டு புயல். இன்னொருவருக்கு ஒன்றுகூட இல்லை. வாழ்நாள் முழுவதும் புயலுக்காகவே வேலை பார்த்தவருக்கு ஒரு புயல்கூடக் கிடைக்கவில்லை. இருபத்தெட்டு வருடமாக அதைத்தான் மென்றுகொண்டிருந்தார். வைட்டமின் பாட்டில் எல்லாம் பிறகு வந்தது.

டிசம்பர் 4 அன்று ஆட்டோவில் போனோம். சின்ன தூரத்துக்கு வர மாட்டேன் என்று முதல் ஆட்டோக்காரர், "நக்கோ அம்மா, பாஸ் மே ஹை" என்று போய்விட்டார். இரண்டாவது ஆள் வந்தார். பாலசுப்ரமணியன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. வழியெல்லாம் அட்லாண்டிக், அட்லாண்டிக் என்று முணுமுணுத்தார்.

வகுப்பறையில் இருபத்திரண்டு பேர். அருணாசலம் கழுத்தில் மஃப்ளரோடு இருந்தார். இவரைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"நடந்தே வாரீரு. அடேயப்பா, பாலு. போன்ல உம்ம சத்தம் கேட்டுப் பயந்தே போயிட்டேன்வே."

பாலசுப்ரமணியன் அவர் மஃப்ளரைப் பார்த்தார். மூன்று வாக்கியத்தையும் சேமித்து வைத்திருந்தார்.

அருணாசலம் பேசினார். எல்லோரும் கூரை பறந்த கதைக்குக் காத்திருந்தார்கள். அவர் சொன்னது வேறு.

"ஹரிகேன்னு போட்டிருக்காரு வெங்கடராமன். நான் பார்த்தது ஹரிகேன் இல்லை, டிராஃபிக் ஜாம். பதினெட்டு மணி நேரம் கார்ல இருந்தோம். போனது அறுபது மைல். ஏசியைப் போட்டா பெட்ரோல் தீந்துரும்னு மகன் போட விடல. மருமக என் தலையில தண்ணி ஊத்துனா. புயல் கடைசில வேற பக்கம் திரும்பிப் போயிட்டு. வீட்டுக்குத் திரும்பி வந்து பார்த்தா, தோட்டத்துல ஒரு தொட்டி சாஞ்சு கெடந்துச்சு. அவ்வளவுதான் என் ஹரிகேன்."

அறை முழுக்கச் சிரித்தது. பாலசுப்ரமணியன் சிரிக்கவில்லை. யாரை வீழ்த்த ஐந்து வாரம் மெழுகுவத்தி ஊதினாரோ, அந்த ஆள் தானாகவே உட்கார்ந்துவிட்டார். அப்படியும் எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தன்னைத்தானே கிண்டல் செய்துகொண்டும் கைதட்டு வாங்குகிறான் என்றால் எரியாதா?

கைத்தடியை ஊன்றி எழுந்தார். நான் பிடிக்கவில்லை. பிடிக்கக் கூடாது.

"ஹரிகேன் என்பது... புதிதாக ஒன்றும் இல்லை." நிறுத்தினார். "அட்லாண்டிக் கடலில் வந்தால் ஹரிகேன். சீனக் கடல் பக்கம் வந்தால் டைஃபூன். வங்காள விரிகுடாவில் வந்தால் சைக்ளோன். மூன்றும் ஒன்றே."

ஒரு எழுத்துத் தப்பவில்லை. மூன்றாவது வாக்கியத்துக்கு வாயைத் திறந்தார். அதற்குள் கைதட்டல் வந்துவிட்டது. ஜலஜா பின்வரிசையில் மூக்கைச் சிந்தினார். கைதட்டல் ஓய்ந்ததும் அருணாசலம், பழைய ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்ததுபோல, தலையை ஒருபக்கம் சாய்த்தார்.

"கொஞ்சம் திருத்தணும்வே பாலு. மூணும் முழுக்க ஒண்ணு இல்லை. நம்மாளு மணிக்கு அறுபத்திரண்டு கிலோமீட்டர் காத்து அடிச்சாலே சைக்ளோன்னு எழுதிருவாரு. அமெரிக்காக்காரன் நூத்திப் பதினெட்டைத் தாண்டினாத்தான் ஹரிகேன்ம்பான். அப்போ அந்த வேகத்துக்கு நம்ம அறிக்கையில என்ன எழுதுவோம்? அந்தக் காலத்துல? உமக்குத்தான் தெரியும். எழுபத்தேழுல நீருதான் எழுதுனீரு."

இதைப் பாலசுப்ரமணியன் பயிற்சி செய்யவில்லை. அவர் முகம் சிவந்தது. இடது விரல் ஒருமுறை காற்றில் கோடு கிழித்தது.

"சிவியர்... சைக்ளோனிக் ஸ்டார்ம்... வித் எ கோர்... ஆஃப் ஹரிகேன் விண்ட்ஸ்."

உள்ளே ஹரிகேன் காற்றை வைத்திருக்கும் கடும்புயல். நம் ஊர் அறிக்கையிலேயே ஹரிகேன் உட்கார்ந்திருந்தது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இவருக்கு முதலிலிருந்தே தெரியும். தன் மூன்று வாக்கியத்துக்கு இடைஞ்சல் என்று விட்டுவிட்டார்.

அவர் உட்காருவார் என்று நினைத்தேன். உட்காரவில்லை.

"அந்த டியூட்டி... என்னுது" என்றார்.

கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. முன்வரிசையில் ஒருவர், அந்தப் புயலில் இவரும் இருந்தார் போலிருக்கிறது என்று பக்கத்தில் சொன்னார். பெருமையா, குற்ற ஒப்புதலா, திருப்பிக் கொடு என்ற கோரிக்கையா, எனக்கும் தெரியாது. மூன்றும் இருந்திருக்கும்.

அருணாசலத்துக்குப் புரிந்தது. மஃப்ளரை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

"உம்முதுதான். எடுத்துக்கிடும்வே" என்றார், மெதுவாக. "மறுநா காலையில வெளிய வந்து பார்த்ததையும் சேர்த்து எடுத்துக்கிடும். நான் அதை ஒரு கூட்டத்துலயும் பேசினது இல்லை. பேசவும் மாட்டேன். அதான் இந்தக் கார்க் கதையைச் சொல்லிட்டுத் திரியுதேன்."

வெங்கடராமன் சட்டென்று எழுந்து சுண்டல் தயார் என்று அறிவித்தார். அறிவுள்ள செயலாளர்.

மறுநாள் மெழுகுவத்தியை ஏற்றினேன். ஊதவில்லை. அதற்கு அடுத்த நாளும் ஊதவில்லை. ரப்பர் பந்து மறுபடி சோபாவுக்கு அடியில் போனது. ஜலஜா, "ஏன்னா, தண்ணி வேணுமா?" என்று ஆரம்பித்துவிட்டார். பேச்சு வந்தது வந்தபடி நின்றது. கை இன்னும் வரவே இல்லை. கெடுவுக்கு ஒரு மாதம்தான் இருந்தது. ஒரு மனிதருக்கு மனம் லேசாகிவிட்டது என்பது நல்ல செய்திதான். ஆனால் லேசான மனத்தால் பந்தைப் பிசைய முடியாது.

அருணாசலத்துக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

"நான் வந்து என்னம்மா செய்யணும்?"

"கொஞ்சம் பீத்திக்கணும் சார்."

சிரித்தார். "அவ்வளவுதானே. அது நல்லா வரும்."

வியாழக்கிழமை எட்டாவது வைட்டமின் பாட்டிலோடு வந்தார். ஜலஜா கொடுத்த காபியைக் குடித்தார். பேரன் பள்ளிக்கூடத்தில் நீச்சலில் முதலாவதாக வந்ததைச் சொன்னார். ஹூஸ்டன் வீட்டில் எத்தனை குளியலறை என்று சொன்னார். பாலசுப்ரமணியன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது அருணாசலம் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"ஆண்டு மலருக்கு எழுபத்தேழு புயலைப் பத்தி எழுதச் சொல்லுதாரு வெங்கடராமன். சரின்னுட்டேன்வே பாலு. ரெண்டு பக்கம், என் போட்டோவோட."

வெங்கடராமன் அப்படி எதுவும் கேட்கவில்லை.

கேட் சாத்துகிற சத்தம் கேட்டது. பாலசுப்ரமணியனின் கழுத்து நரம்பு புடைத்தது.

"பென்சில்" என்றார்.

"வலது கைன்னாத்தான் தருவேன் சார்."

என்னைப் பார்த்த பார்வையை வார்டில் பலரிடம் பார்த்திருக்கிறேன். வலது கையை இடது கையால் தூக்கி மேஜைமேல் வைத்தார். விரல்களுக்கு நடுவே பென்சிலைச் செருகி, ரப்பர் வளையம் மாட்டினேன். ஒரு வரி எழுத முக்கால் மணி நேரம் ஆனது. நெற்றி வியர்வையைத் துடைக்கப் போன ஜலஜாவின் கையைத் தட்டிவிட்டார்.

தாளைப் பார்த்தேன். எழுத்து கோழி கிளறியதுபோல இருந்தது, ஆனால் படிக்க முடிந்தது.

19-11-77. பணியில்: பாலசுப்ரமணியன்.

பெயரின்மேல் ஒரே ஒரு கோடு இழுத்து அடித்திருந்தார். கீழே 'அருணாசலம்' என்று எழுதியிருந்தது. பக்கத்தில் பாலசுப்ரமணியனின் முதலெழுத்து.

நோட்டில், 'வலது கை, இரண்டு வரி' என்று குறித்தேன். மெழுகுவத்தியை ஏற்றி அவர் முன்னால் வைத்தேன்.